நின்று கேட்கிற சங்கீதம்

சென்னைக்கு டிசம்பர் சீசன் என்றால் பாலக்காட்டுக்கு மீனமும் மேடமும். நம் கணக்கில் பங்குனி, சித்திரை. சென்னை சீசனுக்கு மார்கழிக் குளிர், நம்பர் போட்ட நாற்காலி, ஏ.சி. ஹால், இடைவேளையில் கேன்டீன் என்று சகல உபசாரங்களும் உண்டு. பாலக்காட்டு சீசனில் இவை எதுவும் கிடையாது. டிக்கெட் கிடையாது, ஆகவே சீட்டும் கிடையாது. கூரை கிடையாது. மேளத்துக்கு மைக்கும் தேவையில்லை. மேலே மீன மாதத்துச் சூரியன், கீழே அறுவடை முடிந்து கட்டாந்தரையான வயல், நடுவில் வரிசை வரிசையாகச் செண்டைகள். இதைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கிறார்கள். சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை சீசனைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்த வாரம் நான் இரண்டாவதைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம், அதற்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அது பலரும் எதிர்பார்க்கிற திசையிலிருந்து வரவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி, கொல்லங்கோடு வழியாக நெம்மாறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், இடது பக்கம் ஆனைமலைத் தொடரும் நெல்லியாம்பதி மலையும் சுவர் மாதிரி கூடவே வரும். வலது பக்கம் வயல்களும் பனைகளும். மொழி எங்கே மாறுகிறது என்று சொல்ல முடியாது. டிக்கெட் கொடுக்கும்போது தமிழில் பேசிய கண்டக்டர் மீதிச் சில்லறை தரும்போது மலையாளத்துக்கு வந்துவிட்டிருப்பார். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழ்கிறவர்கள் ஏராளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி விழுந்திருப்பது இங்கேதான். அந்தக் கணவாய் வழியாகத் தமிழ்நாட்டு உஷ்ணம் தாராளமாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. கேரளம் என்றதும் நம் மனதில் வருகிற ஈரமும் பச்சையும் பங்குனி மாதப் பாலக்காட்டுக்குப் பொருந்தாது.

இந்த உஷ்ணத்தில் ஏன் திருவிழா? காரணம் எளிமையானது. இரண்டாம் போக அறுவடை முடிந்துவிட்டது. இடவப்பாதி மழை வர இன்னும் நாளிருக்கிறது. கையில் நெல் விற்ற காசு, வயலில் வேலை இல்லை, வானத்தில் மழை இல்லை. திருவிழாவுக்கு வேறென்ன வேண்டும்? ஊருக்கு ஊர் பகவதி கோயில், கோயிலுக்குக் கோயில் ஒரு வேலா அல்லது பூரம். காலியான வயல்தான் அரங்கம். மழைக்காலத்தில் நாற்று நிற்கிற அதே இடத்தில் கோடையில் ஜனங்கள் நிற்கிறார்கள். ஆகவே திருவிழாவை வேறு மாதத்துக்கு மாற்றிவிடலாமே என்ற யோசனை இங்கே செல்லாது.

சீசனின் முன்னுரை மாதிரி பிப்ரவரி, மார்ச்சில் செம்பை கிராமத்து இசை விழா வரும். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896-1974) தன் சொந்த ஊரில் நடத்திவந்த ஏகாதசி விழாவை அவர் குடும்பத்தார் இன்றும் தொடர்கிறார்கள். பார்த்தசாரதி கோயில், அக்ரகாரம், வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்கிற கர்நாடக சங்கீதம். அது வெயில் இன்னும் முறுக்கிக்கொள்ளாத நேரம். வெயில் உச்சிக்கு ஏற ஏற, பாட்டு பின்னால் போய் மேளம் முன்னால் வந்துவிடுகிறது.

உச்சம் என்று நெம்மாறை-வல்லங்கி வேலாவைச் சொல்லலாம். மீனம் 20ஆம் தேதி, அதாவது ஏப்ரல் 2 அல்லது 3. நெல்லிக்குளங்கரை பகவதிக்கு நெம்மாறை, வல்லங்கி என்ற இரண்டு தேசங்கள் போட்டி போட்டுக்கொண்டு நடத்தும் விழா. தேசம் என்றால் இங்கே ஊர். ஒவ்வொரு தேசத்துக்கும் தனி யானை வரிசை, தனிப் பந்தல், தனி மேளம், தனி வெடிக்கட்டு. எதிர்த் தரப்புப் பந்தலில் எத்தனை விளக்கு என்று எண்ணிப் பார்ப்பதும், எதிர்த் தரப்பு வெடி சத்தம் சுமார்தான் என்று மூக்கைச் சுளிப்பதும் தேசபக்தியில் சேர்த்தி. மேளக்காரர்கள் இதில் அதிர்ஷ்டசாலிகள். இரண்டு தரப்புமே நல்ல மேளத்தைக் கொண்டுவர வேண்டிய கட்டாயத்தில் இருக்கின்றன.

இங்கே ஒலிக்கும் வாத்தியங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. பஞ்சவாத்தியம் என்பது திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு என்ற ஐந்து. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோல் கருவிகளை வரிசைப்படுத்தும்போது இடக்கை, மத்தளம், திமிலை மூன்றையும் சொல்கிறார். நம்மூரில் இன்று திமிலை என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரியும்? உரையாசிரியரின் பட்டியலில் பெயர்களாக நாம் படிப்பதை, கோவிந்தாபுரம் தாண்டினால் தோளில் தொங்கவிட்டு அடிக்கிறார்கள். நெம்மாறைக்குப் பக்கத்தில் பல்லாவூர் என்று ஒரு கிராமம். அப்பு மாரார், மணியன் மாரார், குஞ்சுகுட்ட மாரார் என்ற மூன்று சகோதரர்களால் அந்த ஊர்ப் பெயர் கேரளம் முழுக்கப் பரவியது. நம்மூரில் திருவாவடுதுறை என்றதும் நாதஸ்வரம் ஞாபகம் வருவது போல.

மேளத்தின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அதைக் கேட்க ஏன் நிற்க வேண்டும் என்பது புரியும்.

பஞ்சாரி மேளம் ஆறு அட்சரத்தில் அமைந்தது. ஆனால் ஆரம்பத்திலேயே ஆறு எண்ணமாட்டார்கள். முதல் காலத்தில் ஒரு வட்டம் முடிய 96 எண்ணிக்கை. இரண்டாம் காலத்தில் அது 48. பிறகு 24, பிறகு 12, கடைசியில் 6. பஞ்சவாத்தியம் இன்னும் நிதானம். ஏழின் பெருக்கமாக 896ல் தொடங்கி 448, 224, 112, 56 என்று பாதி பாதியாக இறங்கிக்கொண்டே வரும். பாண்டி மேளத்துக்கு ஏழு அட்சரம். வழக்கமாக பஞ்சாரி கோயில் மதிலுக்குள், பாண்டி மதிலுக்கு வெளியே. திருச்சூர்ப் பூரத்தில் வடக்குநாதன் கோயில் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் இலஞ்சித்தறை மேளம் பாண்டியாக இருப்பது பிரசித்தமான விதிவிலக்கு.

வட்டம் இப்படிப் பாதி பாதியாகக் குறைவதில் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் அரை மணி நேரத்தில் புதிதாக வந்தவருக்கு ஒன்றும் பிடிபடாது. தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருமே, அதுபோல. ஒரு வட்டம் எங்கே முடிகிறது என்பது விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் விரல் மடக்கிக்கொண்டு நிற்பார்கள். வட்டம் முடிகிற இடத்தில் அவர்கள் கை மேலே போகும். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் அடுத்த வட்டத்துக்குத் தயாராவார். காலம் மாற மாற, வட்டம் சுருங்கச் சுருங்க, கை தூக்குகிறவர்கள் பெருகுவார்கள். கடைசிக் காலத்தில் மைதானமே ஒரே நேரத்தில் கையைத் தூக்கி இறக்கும். அதாவது, மேளம் தன் ரசிகர்களைக் கூட்டத்தின் நடுவிலேயே உற்பத்தி செய்துகொள்கிறது. பாடம் நடத்தாமல், நோட்டீஸ் அடிக்காமல், இரண்டரை மணி நேரத்தில்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு வேலாவில் நான் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர். வயது எழுபதுக்குக் குறையாது. தோளில் துண்டு, கண்ணில் கண்ணாடி, வாயில் வெற்றிலை. சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கையைக் கட்டிட்டு நின்னா மேளம் எப்பிடி உள்ள போகும்? கையை அவுத்து விடுங்க," என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, வட்டம் முடிகிற இடத்தில் மேலே தூக்கிவிட்டார். அடுத்த வட்டத்துக்கும் அப்படியே. நாலாவது வட்டத்தில் அவர் விட்டுவிட்டார். நான் தூக்கினேன். "அவ்வளவுதானுங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்து போனார். மேளத்தைப் பற்றிப் பிற்பாடு நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இப்படிக் கையைத் தூக்குவதை உற்சாகம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் உபயோகமும் இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒவ்வோர் அடியும் பத்தில் ஒரு விநாடி தாமதமாகத்தான் வந்து சேரும். விளம்ப காலத்தில் இது பொருட்டில்லை. துரித காலத்தில் அந்த இடைவெளிக்குள் அடுத்த அடி விழுந்துவிடும். ஆகவே பின்னால் நிற்கிறவர் காதை மட்டும் நம்ப முடியாது, கண்ணும் வேண்டும். இலைத்தாளக்காரர்களின் கைகள் ஒருசேர எழுவதையும், செண்டைக் கோல்கள் உயர்வதையும், முன்னால் நிற்பவர்களின் கைகளையும் பார்த்துத்தான் அவர் தாளத்தில் இருக்கிறார். வாசிக்கிறவர்களும் அப்படியே. முன்வரிசையில் உருட்டுச் செண்டை, பின்னால் வீக்கன் செண்டை, எதிரே குழலும் கொம்பும் என்று அணிவகுப்பு. நடுவில் நிற்கும் பிரமாணியின் ஒரு தலையசைப்பில் காலம் மாறுகிறது. அது கடைசி வரிசை வரை போய்ச் சேருவது பார்வையால்தான்.

பாலக்காட்டு மண்ணிலிருந்து நம் சபாக்களுக்கு வந்தவர்களில் பாலக்காடு மணி ஐயருக்கு (1912-1981) இணை கிடையாது. கச்சேரிகளில் மைக் வேண்டாம் என்று 1960களில் பிடிவாதமாக நின்றவர் அவர். மைக் மிருதங்கத்தின் நாதத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. சென்னையில் பலருக்கு அது ஒரு மேதையின் விசித்திரமாகத் தோன்றியது. வயலில் மைக்கில்லாமல் மேளம் கேட்டு வளர்கிற ஊர்க்காரர்களுக்கு அதில் விசித்திரம் ஒன்றும் தெரிந்திருக்காது.

இந்தச் சங்கீதத்துக்குக் கேட்கிறவர்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பரிசோதனை தானாகவே நடந்தது. கொரோனா காலத்தில், 2021ல், திருச்சூர்ப் பூரம் பொதுமக்களை அனுமதிக்காமல் நடந்தது. மேளம் உண்டு, கூட்டம் இல்லை. நாங்கள் டெலிவிஷனில் பார்த்தோம். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு பிசகவில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு யாருமே வராத மாதிரி இருந்தது. ஒவ்வொரு வட்டம் முடியும்போதும் கை தூக்க அங்கே ஆளில்லை. டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து கை தூக்கினால் வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன்.

பழைய கலைகள் என்றாலே இளைஞர்கள் வருவதில்லை என்று புலம்புவது வழக்கம். மேளத்தைப் பற்றி அப்படிப் புலம்ப முடியாது. எந்த வேலாவுக்குப் போனாலும் கூட்டத்தில் பாதிக்கு மேல் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். இன்ன மேளத்துக்கு இன்னார் பிரமாணி என்று கிரிக்கெட் டீம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். செல்போன் ஒரு தொல்லைதான். படம் பிடிக்கிற கை தாளம் போடாது. ஆனால் முதல் பத்து நிமிடம் படம் பிடித்துவிட்டு போனைப் பையில் போட்டுக்கொள்கிற பக்குவம் பலருக்கு வந்துவிட்டது. பணத்துக்கும் பெரிய கஷ்டம் இல்லை. போட்டி தேசங்கள் இருக்கும் வரை வசூல் நடக்கும்.

ஆபத்து வெயிலிலிருந்து வருகிறது. பாலக்காட்டுக் கோடை எப்போதுமே கடுமைதான். ஆனால் 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. கேரளத்தில் வெப்ப அலை என்பது பழைய தலைமுறைக்குப் பழக்கமில்லாத சொல். நின்று கேட்கிற சங்கீதம் இது. நிற்க முடியாவிட்டால் என்ன ஆகும்?

கேட்கிறவர் ஒதுங்கிப் போய் ஒரு சோடா குடித்துவிட்டு வரலாம். வாசிக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. இடுப்பில் வேட்டி, வெற்று மார்பு, தோளில் செண்டை, சூடேறிய தரையில் கால். இரண்டரை மணி நேரத்துக்கு நிறுத்தம் கிடையாது. வெயிலில் தோல் இறுகி செண்டையின் சுருதியே ஏறிவிடும். மனிதத் தோலுக்கு என்ன நேரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யானைக்கு இன்னும் மோசம். கறுத்த பெரிய உடம்பு, நெற்றியில் மினுமினுக்கும் பட்டம், முதுகில் ஆட்கள், காலடியில் தார்ச் சாலை. அது தாங்காதபோது என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் படிக்கிறோம்.

2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சில விதிகளைச் சொன்னது. யானைக்கும் யானைக்கும் நடுவே 3 மீட்டர், யானைக்கும் ஜனங்களுக்கும் வாத்தியங்களுக்கும் நடுவே 8 மீட்டர் இடைவெளி வேண்டும். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பொதுச் சாலையில் யானை ஊர்வலம் கூடாது. தேவஸ்வங்கள் கொதித்தெழுந்தன. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இந்த விதிகளுக்குத் தடை விதித்தது. வெடிக்கட்டைப் பற்றியும் இதே மாதிரி ஓயாத வழக்கு. 2016 ஏப்ரல் 10ஆம் தேதி கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வெடிவிபத்தில் 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகும், வெடியைக் குறைக்கலாமே என்றால் கிடைக்கிற பதில் ஒன்றுதான். ஆசாரத்தை மாற்ற முடியாது.

எனக்கு இந்தப் பதிலில்தான் சந்தேகம். நாம் இன்று கேட்கிற பஞ்சவாத்தியம் எவ்வளவு பழையது? கோயில்களில் இந்த ஐந்து வாத்தியங்களும் வெகுகாலமாக உண்டு. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரிகிற இன்றைய அமைப்பு 1930களில் உருவானது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. மத்தளக் கலைஞர். இயற்பெயர் வெங்கடேசுவர ஐயர், நம்மவர். சீடர் மாதவ வாரியரோடும் திமிலை வித்வான் அன்னமனடை அச்சுத மாராரோடும் சேர்ந்து அவர் செய்த மாற்றம் பிடித்துப்போய், அதுவே சம்பிரதாயமாகிவிட்டது. இப்போது அதை ஆதிகாலத்து ஆசாரம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. வயது இன்னும் நூறு ஆகவில்லை.

திருச்சூர்ப் பூரத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதைத் தொடங்கியவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான். ஒரு வருடம் ஓயாத மழையால் திருச்சூர்க் கோயில்காரர்கள் ஆராட்டுப்புழைப் பூரத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை, அங்கே அவர்களை உள்ளே விடவில்லை, அவர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள், மன்னர் திருச்சூரிலேயே தனிப் பூரம் ஏற்படுத்தினார் என்று சொல்கிறார்கள். மழைக்காகப் பூரத்தையே இடம் மாற்றிய ஊர், வெயிலுக்காக நேரத்தை மாற்றக் கூடாதா?

கட்டுப்பாட்டோடு திருவிழா நடத்த முடியுமா என்று கேட்கிறவர்களை நான் தெற்கே, இடுக்கி மாவட்டத்து எல்லைக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், கேரளமும் தமிழ்நாடும் உரிமை கொண்டாடும் மலை முகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் ஜனங்களை விடுகிறார்கள். அதுவும் காலையிலிருந்து மாலை வரைதான். கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப், தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டு வழி நடை. இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, குடிதண்ணீர், மருத்துவர், போலீஸ், வனத்துறை என்று எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்பதற்கு விதி உண்டு. புலி இருக்கிற இடம் என்பதால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையில் கண்ணகி வானுலகம் போவதைக் கண்ட குறவர்கள் தொண்டகப் பறையும் சிறுபறையும் அடித்து, கொம்பு ஊதி, மணி ஒலித்துக் கொண்டாடுகிறார்கள். சேர நாட்டு மலையில் தோல் வாத்தியமும் கொம்பும் சேர்ந்த திறந்தவெளி மேளத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த மலைகள் என்று நம்பப்படுகிற இடத்தில் இன்று காட்டு விலங்குகளை முன்னிட்டு அடக்கமாக விழா நடக்கிறது. பக்தியில் யாரும் குறை கண்டதாகத் தெரியவில்லை. புலிக்காக ஒப்புக்கொண்ட கட்டுப்பாட்டை, யானைக்காகவும் செண்டைக்காரருக்காகவும் கூட ஒப்புக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். பகல் மேளத்தைக் காலை 9 மணிக்குள் முடிக்கலாம், அல்லது மாலை 5 மணிக்கு மேல் தொடங்கலாம். தாயம்பகை என்ற தனிச் செண்டைக் கச்சேரி இப்போதே அந்தி தீபாராதனைக்குப் பிறகுதான் நடக்கிறது. யாரும் குறைப்பட்டதில்லை. வாசிக்கிறவர்களுக்கு மேலே ஓலைப் பந்தல் போடலாம். விளக்குப் பந்தலுக்குச் செலவழிப்பதில் சிறு பங்கு போதும். யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். 2023ல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணன் கோயில் இயந்திர யானையையே ஏற்றுக்கொண்டது. சிரித்தவர்கள் உண்டு, ஆனால் சாமி அதன் மேல் ஏறத்தான் செய்தார். வெடியைப் பற்றி ஒரு ரசிகனாக எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இடக்கையின் நாதம் காதில் இருக்கும்போது பக்கத்தில் குழிமின்னல் வெடித்தால், அதற்குப் பிறகு அரை நாளைக்கு எந்த நாதமும் காதில் விழாது.

முழுக்க ராத்திரிக்குத் தள்ளிவிடலாமே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பெல்லாம் மேளத்துக்கு முன்னால் பெண்களைப் பார்ப்பதே அபூர்வம். மொட்டை மாடியிலும் திண்ணையிலும் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இப்போது பகல் மேளங்களில் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து, நடுவில் நின்று, கை தூக்குகிறார்கள். செண்டை கற்றுக்கொண்டு வாசிக்கிற பெண்களும் வந்துவிட்டார்கள். 1930ல் தொடங்கிய கேரள கலாமண்டலமே 2021ல்தான் கதகளிப் படிப்பில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது. இவ்வளவு தாமதமாகத் திறந்த கதவை நள்ளிரவு மேளம் மறுபடி சாத்திவிடும். காலையும் சாயங்காலமும் போதும்.

இன்னொரு யோசனையும் காதில் விழுகிறது. பேசாமல் ஆடிட்டோரியத்துக்குள் கொண்டுபோய் ஏ.சி. போட்டு, டிக்கெட் வைத்து நடத்திவிடலாம் என்று. இதன் விளைவு என்ன என்று நம்மைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்காகவே பிறந்தவை. தஞ்சாவூர் ஜில்லா ஊர்களில் சுவாமி புறப்பாட்டின்போது நாலு வீதியும் விடிய விடிய ராக ஆலாபனை கேட்டு நின்ற காலம் உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளையை (1898-1956) அப்படி வீதியில் நின்று கேட்டதாகச் சொல்லும் பெரியவர்களை என் இளவயதில் சந்தித்திருக்கிறேன். புறப்பாடு இன்றும் நடக்கிறது. நின்று கேட்கிற கூட்டம்தான் இல்லை. நாதஸ்வரம் கல்யாண மண்டபத்துக்குள் போனது. முகூர்த்தத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மற்ற நேரத்தில் வித்வான் தோடியை விஸ்தாரம் செய்தாலும் பந்தியில் பாயசம் வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. அந்தக் கலை அழியவில்லை. கேட்கத் தெரிந்த வீதிதான் போய்விட்டது. அப்படி ஒரு வீதியை மறுபடி உண்டாக்க எந்த அகாடமிக்கும் வழி தெரியவில்லை.

பாலக்காட்டில் அந்த வீதி இன்னும் இருக்கிறது. அதனால்தான் தேவஸ்வங்களிடம் இவ்வளவு மன்றாட வேண்டியிருக்கிறது. யானை ஐந்து குறைந்தால் மேளத்துக்கு நஷ்டமில்லை. வெடி ஓய்ந்தால் லாபம்தான். முதல் காலத்தின் 96 எண்ணிக்கையையும் பொறுமையாக எண்ணிக்கொண்டு நிற்கிற மனிதர் வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால், இளைஞனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட ஆள் இருக்காது.

அடுத்த கோடையில் போக நினைக்கிற வாசகர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். வேலா நாட்களில் வாகனங்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஆகவே சீக்கிரம் கிளம்புங்கள். பருத்தித் துண்டு ஒன்று அவசியம். குடை பிரயோசனப்படாது, பின்னால் இருப்பவர் சும்மா விடமாட்டார். வழி நெடுக சம்பாரம் என்று மோர் கிடைக்கும். இஞ்சியும் பச்சை மிளகாயும் தூக்கலாக இருக்கும், தைரியமாகக் குடியுங்கள். கொம்புக்காரர்களுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். யானையிடமிருந்து நன்றாகத் தள்ளி, பிரமாணியின் முகம் தெரிகிற கோணத்தில், முடிந்தால் ஒரு மரத்தடியில் இடம் பிடியுங்கள். முதல் அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும், அப்போது கிளம்பிவிட வேண்டாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் காலியாக வைத்திருங்கள். அவற்றுக்கு வேலை வரும்.